199 புள்ளிகள் எடுத்தவருக்கு ஹார்ட் கோப்பை ஏன் இல்லை?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கின் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1988-89 பருவம் எனக்குப் புதிராகப் பட்டது. கோல்களும் கோலுக்கான உதவிகளுமாகச் சேர்த்து பிட்ஸ்பர்கின் மரியோ லெமியூ 199 புள்ளிகள் எடுத்திருக்க, லாஸ் ஏஞ்சலஸின் வெய்ன் கிரெட்ஸ்கி 168 புள்ளிகளே எடுத்தார். ஆயினும் ஹார்ட் கோப்பை கிரெட்ஸ்கிக்குத்தான் போயிற்று. சிறந்த வீரருக்குரிய விருது என்றால் இது எவ்வாறு பொருந்தும்?

மறுமொழி 1:
நீங்கள் 'சிறந்த வீரர்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்குதான் இருக்கிறது. 1924இல் ஒட்டாவாவின் ஃபிராங்க் நைபருக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட இந்தக் கோப்பை, தம் அணிக்கு மிகவும் மதிப்புவாய்ந்தவராக அமைந்த வீரருக்கு உரியது. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெறுபவருக்கு ஆர்ட் ராஸ் கோப்பை தனியாக உண்டு. அதை லெமியூ பெற்றுவிட்டார். கிரெட்ஸ்கி வருவதற்கு முந்தைய பருவத்தில் லீக் அட்டவணையில் 68 புள்ளிகளோடு நின்ற லாஸ் ஏஞ்சலஸ் அணி, அவர் வந்த முதல் பருவத்திலேயே 91ஐ எட்டியது. வாக்களித்த ஹாக்கி எழுத்தாளர்கள் இந்த மாற்றத்தைத்தான் எடைபோட்டிருப்பார்கள் என்பது என் கருத்து. அணியின் நிலையை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பதும் இல்லை: 1954இல் கடைசி இடம் பிடித்த சிகாகோவின் கோல்காப்பாளர் ஆல் ராலின்ஸுக்கே இக்கோப்பை கிடைத்தது.

மறுமொழி 2:
பிட்ஸ்பர்கும் அதே பருவத்தில், ஆறு ஆண்டுகள் வாய்ப்பிழந்த பிறகு, பிளேஆஃப் எனப்படும் பருவ இறுதி வெளியேற்றச் சுற்றுக்குள் நுழைந்ததை மேலே எழுதியவர் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். அந்த அணி 81 புள்ளிகளிலிருந்து 87க்குத்தான் உயர்ந்தது என்றாலும், லெமியூ இல்லாமல் அந்த இடத்தை நினைத்தும் பார்க்க முடியாது. என் வாக்கு அவருக்கே போயிருக்கும்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். சக வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது ஒன்று உண்டு; இன்று டெட் லிண்ட்சே விருது எனப்படும் அது அன்று லெஸ்டர் பியர்சன் பெயரில் இருந்தது. அவ்வாண்டு அது லெமியூவுக்கும் கிடைக்கவில்லை, கிரெட்ஸ்கிக்கும் கிடைக்கவில்லை. 155 புள்ளிகள் எடுத்த டெட்ராய்டின் ஸ்டீவ் ஐசர்மனுக்குக் கிடைத்தது!

மறுமொழி 3:
எழுத்தாளர்களும் வீரர்களும் வேறுவேறு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது அன்றோடு முடியவில்லை. 2002இல் கால்கரியின் ஜரோம் இகின்லா புள்ளிகளிலும் கோல்களிலும் முதலிடம் பெற்று, வீரர்களின் வாக்கையும் வென்றார். ஹார்ட் வாக்கெடுப்பிலோ அவரும் மாண்ட்ரியல் கோல்காப்பாளர் ஹோசே தியோடரும் சமமாக 434 வாக்குப் புள்ளிகள் பெற்றனர். முதலிட வாக்குகள் 26க்கு 23 என்று இருந்ததால் கோப்பை தியோடருக்குப் போனது. கால்கரி அப்போது பிளேஆஃபுக்குத் தகுதி பெறவில்லை, மாண்ட்ரியல் பெற்றிருந்தது. 'அணிக்கு மதிப்பு' என்ற சொற்றொடரை ஒவ்வொரு வாக்காளரும் தம் விருப்பப்படி பொருள்கொள்ள இடமிருக்கும்வரை, இத்தகைய முடிவுகளைத் தவிர்க்க இயலாது.

கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. 1980 முதல் 1987 வரை தொடர்ந்து எட்டு முறை கிரெட்ஸ்கி வைத்திருந்த கோப்பையை 1988இல் பறித்தவரும் இதே லெமியூதான் என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஐசர்மனைப் பற்றி எனக்குத் தெரியாது. அவருடைய அந்தப் பருவத்து ஆட்டங்களைத் தேடிப் பார்க்கப் போகிறேன்.