கார் தளம் பெயர்ந்ததற்கு அபராதமாம், என்ன பதில் எழுதலாம்?
கோவை சரவணம்பட்டி பக்கம் கேட்டட் கம்யூனிட்டி வீடுங்க. கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை கான்கிரீட் விரிசல் விட்டு ஜல்லி தெரிகிறது. 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அபராதம் என்று அசோசியேஷன் நோட்டீஸ், ஆனால் அடியில் போகும் பொதுக் குழாயை மாற்றத் தோண்டி, திமிசு போட்டு இடித்து இறுக்காமல் மண்ணைத் தள்ளி மூடியதே அவர்கள்தான், அந்த இடம்தான் முதலில் இறங்கியது.

1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்த சங்கம். பைலாவில் (சங்க விதிகளில்) பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறது, அபராதம் பற்றி ஒன்றுமே இல்லை. பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் செயற்குழு மட்டும் அபராதம் போடலாமா?

அப்புறம், பழைய தளத்துக்கு மேலே 2 இஞ்ச் கான்கிரீட் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. அடிமண் இறங்கியிருந்தால் அதுவும் விரிசல் விடத்தானே செய்யும்? உடைத்துப் புதுசாகப் போட்டால் 7 நாளாவது தண்ணீர் கட்டணும். இப்படி நோட்டீஸ் வாங்கியவர்கள் பதில் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்க.