‘பேக்’ என்றால் பையா, முதுகா?

ஒலியன்: “ரெண்டு காபி எடுத்துட்டு வா” என்றால் குடிக்கிறதா, நகலா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘பேக்’ அதைவிட மோசம். பை, முதுகு, மூட்டை கட்டுவது, அடுப்பில் சுடுவது எல்லாம் அதே ‘பேக்’தான். குற்றவாளி நம் தமிழ் எழுத்து. ஆங்கில ஒலிகளைப் பிரித்துக் காட்ட நாலு குறி சேர்த்தால் குழப்பம் தீரும்.

நுனிநாக்கு: எழுத்தைத் திட்டாதீர்கள். ‘கோட்’ என்றதும் வெள்ளைக்காரர் மேலங்கியை விட்டு ஆட்டைத் தேடுகிறாரே, எழுத்தைப் படித்தா? சொல் முதலில் வரும் க, ட, ப (k, t, p) மூன்றையும் அவர்கள் மூச்சைத் தள்ளிச் சொல்வார்கள். நாம் தள்ளுவதில்லை, அதனால் நம் k அவர்கள் காதில் g ஆகிவிடுகிறது. மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன் நாலு விரல் தள்ளிப் பிடித்து ‘பென்’ சொல்லுங்கள், காகிதம் ஆட வேண்டும். ‘ஸ்பின்’, ‘ஸ்டாப்’ போல ஸகரத்துக்குப் பின் வந்தால் ஊதக் கூடாது. எல்லா இடத்திலும் ஊதினால் அது வேறு கூத்து.

ஒலியன்: சரி, ‘பிரைஸ்’? பரிசைக் கேட்டால் விலையைச் சொல்கிறார்கள். பரிசின் முடிவில் வரும் ‘இசட்’, அந்த அதிர்கிற ஸகரம், நமக்கு ஏது?

நுனிநாக்கு: அது வராவிட்டாலும் பிழைக்கலாம். பரிசு என்றால் ‘ரை’யை நீட்டுங்கள், விலை என்றால் சட்டென்று வெட்டுங்கள். ‘ஐஸ்’ஸுக்கும் இதே கணக்கு: கண்கள் என்றால் நீட்டல், பனிக்கட்டி என்றால் வெட்டு. கடைசி மெய்யைவிட அதற்கு முந்தைய உயிரின் நீளத்தைத்தான் ஆங்கிலக் காது அதிகம் நம்பும்.

மணியோசை: எண்களை மறந்துவிட்டீர்களே! ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழம்பினால் சிரிப்பு வராது, பணம் போகும். 13க்குப் பின்னசையில் அழுத்தம், 30க்கு முன்னசையில் என்பது பாடம். ஆனால் அடுத்துப் பெயர்ச்சொல் வந்தால் 13இலும் அழுத்தம் முன்னுக்கு ஓடிவிடும். அப்போது கடைசி ‘ன்’தான் துணை, அதை விழுங்காதீர்கள். சந்தேகமென்றால் ‘ஒன் த்ரீ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். விமானிகள் வழி அதுதான். 9 அவர்களுக்கு ‘நைனர்’, 5உடன் கலக்காதிருக்க. 3 ‘ட்ரீ’! நாம் வெட்கப்படுகிற உச்சரிப்பு அங்கே விதி.

ஒலியன்: அப்போது என் கட்சிதான் ஜெயித்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் சொல்ல விமானிகள் வைத்திருக்கும், 1956இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் ‘ஆல்ஃபா’வுக்கு ‘பிஎச்’ இல்லை, ‘எஃப்’. ஆங்கிலம் அறியாதவர் ‘ப’ என்று படித்துவிடக் கூடாதாம். ‘ஜூலியட்’ முடிவில் இரண்டு ‘டி’, ஒன்றே இருந்தால் பிரெஞ்சுக்காரர் விழுங்கிவிடுவார். மாற்றியது எழுத்தை!

நுனிநாக்கு: உச்சரிப்பைக் காப்பாற்றத்தானே ஐயா மாற்றினார்கள்! உங்கள் ‘பேக்’குக்கே வருவோம். பைக்கு உயிரை நீட்ட வேண்டும், முதுகுக்கு வெட்ட வேண்டும். அந்த நீட்டலை உங்கள் நாலு குறியில் எதில் எழுதுவீர்கள்?