நாகர்கோவில் – டொராண்டோ: வீட்டுக்கு வீடு எத்தனை மணிக்கூர்?

புதுசா டொராண்டோ வந்திருக்கிற நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு எழுதுறேன். "அண்ணா, விடியக்காலம் 4 மணிக்குத் திருவனந்தபுரம், அன்னைக்கே சாயங்காலம் 4 மணிக்கு டொராண்டோன்னு டிக்கெட்ல இருக்கு. 12 மணிக்கூர்தானே?"ன்னு கேக்குறாங்க. இல்ல மக்கா. ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம். டொராண்டோ நமக்குக் கோடையில ஒன்பதரை மணிக்கூர் பின்னால, நவம்பர்ல கடிகாரத்தை மாத்தினா பத்தரை. 12-ஓட ஒன்பதரையைக் கூட்டுங்க. இருபத்தொன்றரை வரும்.

திருவனந்தபுரத்துல இருந்து டொராண்டோ ஏறக்குறைய 13,750 கிலோமீட்டர். நேரா விமானம் கிடையாது. துபாய் வழியா வந்தா முதல்ல 2,950, பிறகு 11,080. கூட்டிப் பாருங்க, சுத்து 300 கிலோமீட்டர் கூட முழுசா இல்ல. பறக்கிறது நாலும் பதினாலும் பதினெட்டு மணிக்கூர். மிச்சம் மூன்றரை துபாய்ல காத்திருப்பு. அதனால டிக்கெட் எடுக்கும்போது விலைக்கு அடுத்தபடி அந்தக் காத்திருப்பைப் பாருங்க. ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்ல இருக்கணும். தனித்தனியா எடுத்து, முதல் விமானம் தாமதமாச்சுன்னா அடுத்த டிக்கெட் நம்ம தலையில.

நம்ம மாவட்டத்துல விமான நிலையம் இல்லாததால ஊர்ப் பக்கத்துக் கணக்கு வேற இருக்கு. நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கிலோமீட்டர்தான். ஆனா தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு ஒவ்வொரு ஜங்ஷன்லயும் வண்டி நிக்கும். ரெண்டு மணிக்கூர்ல போற வழிக்கு நான் மூணு வைப்பேன். பங்குனியிலயும் ஐப்பசியிலயும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்னைக்குச் சாயங்காலம் ரன்வேயை மூடிருவாங்க, விமான நேரமும் மாறும். வழிக்கு மூணு, முன்கூட்டி உள்ள போக மூணு, இங்க இமிகிரேஷன் முடிச்சு வீடு சேர ரெண்டு மூணு. ஆக மொத்தம் முப்பது மணிக்கூர்.

ஊருக்குப் போகும்போது மேல்காத்து பின்னால இருந்து தள்ளும். துபாய்க்குப் பதிமூணுக்குள்ள போயிரலாம். ஆனா கடிகாரம் நமக்கு எதிரா ஓடும். திங்கள் ராத்திரி 10 மணிக்கு இங்க ஏறினா, புதன் விடியக்காலம் 4 மணிக்குத்தான் திருவனந்தபுரம். வீட்டு முற்றத்துல கால் வைக்க எட்டு மணி ஆகும்.

வயசான அப்பா அம்மா இருக்கிறவங்க இதை அண்ணன் தம்பி, சித்தப்பா யார்கிட்டயாவது இப்பவே சொல்லி வையுங்க. ஒரு துக்கம்னா பிரீசர் பெட்டியில வச்சு நமக்காகக் காத்திருப்பாங்க. பதட்டத்துல "நாளைக்கு வந்துருவேன்"னு சொல்லி, அதை நம்பி அடக்கத்துக்கு நேரம் குறிச்சிட்டா ரெண்டு பக்கமும் தவிப்பு. டிக்கெட் கைக்கு வந்தபிறகு, இறங்குற நேரத்தை ஊர் நேரத்துல சொல்லுங்க. திங்கள் ராத்திரி ஏறுறதா இருந்தா, அடக்கத்தைப் புதன்கிழமை மதியத்துக்கு மேல வைக்கச் சொல்லுங்க.

படிக்க வந்தவங்க பாஸ்போர்ட்ல கனடா விசா எந்தத் தேதி வரைக்கும்னு இன்னைக்கே பாருங்க. விசா முடிஞ்சு, இங்க தங்கிப் படிக்கிறதுக்கான ஸ்டடி பெர்மிட் மட்டும் இருந்தா, திரும்பி வரும்போது விமானத்துல ஏத்த மாட்டாங்க.