வீட்டுப் பெட்டியில் 1603 என்று ஒரு ஓலை: மபியோன் என்ற துறவியைப் பற்றிச் சொல்லுங்கள்

கண்டனூர் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா வீடு கண்டனூரில் இருக்கிறது. போன மாதம் படைப்புக்கு எல்லோரும் கூடியபோது இரண்டாம் கட்டில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தோம். பேரேடுகள், முறைச் சிட்டைகள், நாலைந்து இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த ஓலை), எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒற்றை ஓலை. "சாலிவாகன சகாப்தம் ௲௬௱௩ துன்மதி வருஷம்" என்று தொடங்குகிறது, அதாவது 1603. ஊருணிக்கு நிலம் விட்டதாக எழுதியிருக்கிறது. அப்பத்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, இது பிற்காலத்தில் யாரோ எழுதிவைத்த பொய் ஓலை என்று திரும்ப உள்ளே போட்டுவிட்டார், அதில் அப்பத்தாவுக்கு ரொம்ப மனவருத்தம்.

கல்லூரியில் என் ஆசிரியரிடம் சொன்னேன். முடிவு கட்டுவதற்கு முன்னால் மபியோனைப் படி என்றார். பிரெஞ்சுத் துறவி, வரலாற்றாசிரியர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் யார், என்ன செய்தார், எங்கள் ஓலைக்கு அவர் எந்த வகையில் உதவுவார்?

தேவகோட்டை வாத்தியார்

ஆத்தா, உன் ஆசிரியர் சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார்.

ழான் மபியோன் 1632இல் பிரான்சின் ஷாம்பாஞ் பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். 1653இல் ரான்ஸ் நகரத்துப் புனித ரெமி மடத்தில் சேர்ந்தார். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்கிறார்களே, அந்தப் புனிதரின் சபை, அதற்குள் மோர் சபை என்ற கிளை. இளம் வயதிலேயே கடுமையான தலைவலி, படிக்கவே முடியாமல் போய் மடம் மடமாக ஓய்வுக்கு அனுப்பினார்கள். சான் தெனி மடத்தில் இருந்தபோது வருகிறவர்களுக்கு அரசர்களின் கல்லறைகளையும் கருவூலத்தையும் காட்டுவது அவர் வேலை. 1664இல் பாரிஸில் சான் ஜெர்மென் தெ ப்ரே மடத்துக்கு வந்தார், அங்கே நூலகத்தைக் கவனித்துவந்த முதியவர் லூக் தஷெரிக்குத் துணையாக. அதற்குப் பிறகு சாகும்வரை, 1707 டிசம்பர் வரை, அதுதான் அவர் வீடு.

இப்போது உன் ஓலைக்கு வருகிறேன். 1675இல் ஆண்ட்வெர்ப்பில் இருந்த சேசு சபை அறிஞர் டேனியல் பாப்பன்ப்ரோக், சான் தெனி மடத்தில் இருந்த மெரோவிங்கியர் என்ற ஆதி பிராங்கு அரசர்களின் பழைய சாசனங்கள் நம்பத்தகாதவை என்று எழுதிவிட்டார். எவ்வளவு பழசு என்று சொல்கிறார்களோ அவ்வளவுக்குச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் பார்வை. உன் சித்தப்பா சொன்னது மாதிரியேதான்! சான் தெனி மபியோனின் சபை மடம். மறுத்து ஒரு சூடான கடிதம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஆறு வருஷம் சாசனம் சாசனமாகப் பார்த்தார், எழுத்து, மை, பாபிரஸ் என்ற நாணல் தாளா தோலா, முத்திரை, தேதி போடும் முறை, அரசன் தன்னை எப்படி அழைத்துக்கொண்டான், சாட்சிகள் எப்படி ஒப்பமிட்டார்கள் என்று. 1681இல் "தெ ரே டிப்ளொமாட்டிகா" வெளிவந்தது. ஆவணங்களைச் சோதிப்பது ஒரு துறையாக நின்றது அந்த நூலால்தான். அதைப் படித்த பாப்பன்ப்ரோக், முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு உண்மை தெரிந்ததில் மகிழ்ச்சிதான் என்று மபியோனுக்கே கடிதம் எழுதினார். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அமைச்சர் கோல்பேர் அவருக்கு 2000 லிவர் உதவித்தொகை தர முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பள்ளத்தூர் கணக்குப்பிள்ளை

வாத்தியார் ஐயா ஆளைச் சொல்லிவிட்டார், நான் ஓலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் மபியோனிடம் நான் படித்தது. எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதே காலத்து மற்ற ஆவணங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தங்கச்சி, முதலில் தேதி. சக ஆண்டோடு 78 கூட்டினால் 1681. அந்த வருஷம் துன்மதிதான், பொருந்துகிறது. மபியோன் புத்தகம் வந்த அதே வருஷம், பார்த்தீர்களா! கிழமை, நட்சத்திரம் இருந்தால் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் காலக்கணிப்பு அட்டவணையில் சரிபார்க்கலாம். பொய் எழுதுகிறவன் பெரும்பாலும் அங்கேதான் மாட்டுவான்.

அடுத்தது எழுத்து. பழைய ஓலைகளில் மெய்க்குப் பொதுவாகப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் ஓலையில் புள்ளியும் இரட்டைக் கொம்பும் தெளிவாக இருந்தால் கையெழுத்து 1681ஆக இருக்க வழியில்லை. இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்த வீரமாமுனிவர் பிறந்ததே 1680இல்.

அப்புறம் ஊர்ப் பெயர்கள். மபியோன் தன் நூலில் அரச மாளிகைகளுக்கென்றே ஒரு பகுதி வைத்தார், மிஷெல் ஜெர்மென் என்ற சக துறவி அதில் உழைத்தார். சாசனம் எழுதிய இடத்தில் அப்படி ஒரு மாளிகை இருந்ததா என்று பார்ப்பதற்காக. நமக்கும் அதே வேலைதான். 1681இல் நம் ஊரெல்லாம் ராமநாதபுரம் சேதுபதி சீமை. ஓலையில் "சிவகங்கைச் சீமை" என்று இருந்தால் இடிக்கும், அந்தச் சீமை தனியாகப் பிரிந்தது 1730ஐ ஒட்டித்தான்.

ஓரியூர்க்காரன்

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். துறவிக்குப் படிப்பு எதற்கு, கைவேலையும் ஜெபமும் போதும் என்று லா ட்ராப் மடத்துத் தலைவர் ரான்சே எழுதினார். மபியோன் 1691இல் துறவிகளின் படிப்பைப் பற்றித் தனி நூலே எழுதிப் பதில் சொன்னார். இத்தனைக்கும் பிறகு லா ட்ராப்புக்கே போய் ரான்சேயைப் பார்த்துச் சமாதானமாகப் பேசினார். அது 1693. அதே வருஷம்தான் எங்கள் ஓரியூரில் அருளானந்தர் சாமி வெட்டுப்பட்டார், அதனால் அந்த எண் எனக்கு மறப்பதில்லை.

ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் எடுத்த பேர் தெரியாத எலும்புகளையெல்லாம் புனிதர்களுடையது என்று வணங்கக்கூடாது என்று 1698இல் புனைபெயரில் எழுதினார். ரோமிலிருந்து நெருக்கடி வந்து பின்னால் அதைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. விசுவாசி என்பதால்தான் பொய்யை வணங்கக் கூசினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கண்டனூர் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. அப்பத்தா வீட்டில் நேற்று முகப்பு வெளிச்சத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னபடி புள்ளி இருக்கிறது, ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பும் இருக்கிறது. சிவகங்கை என்ற பேச்சே இல்லை, சேதுபதி பெயர்தான். கடைசி வரி வலது ஓரத்தில் செல்லரித்துப் போயிருக்கிறது, "முன் ஓலை பார்த்துப் பேர்" என்பது வரை தெரிகிறது, அதற்குமேல் இல்லை.

பள்ளத்தூர் கணக்குப்பிள்ளை

பேர்த்தெழுதினது! நகல் ஓலையாக இருக்கலாம் தங்கச்சி. நகலைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, மபியோன் காலத்து மடங்களிலும் மூலம் போய் நகல் மட்டும் நின்ற சாசனங்கள் எத்தனையோ. பெட்டியில் இருக்கும் பேரேடுகளில் தேதி தெரிந்ததை எடுத்து அந்தக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார். எண்ணெய் எதுவும் தடவிவிடாதே, முதலில் இரண்டு பக்கமும் படம் எடு.

கண்டனூர் பேத்தி

சரி அண்ணே. ரங்கூன் கடைப் பேரேடு ஒன்றில் இதே மாதிரி சாய்ந்த ணகரம் பார்த்த ஞாபகம் இருக்கிறது. பொங்கலுக்குப் போகிறேன், சித்தப்பாவும் வருகிறார், பெட்டியை அவரையே திறக்கச் சொல்லப் போகிறேன்.