லெட்டர்பாக்சிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

> நம் கலைச்சொல் பட்டியலின் பொழுதுபோக்குச் சொற்களில் லெட்டர்பாக்சிங் ஒன்றுதான் பாக்கி. ‘அஞ்சல்பெட்டி வேட்டை’ என்று போட்டு முடித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. அஞ்சல்பெட்டி என்றதும் தெருமுனைச் சிவப்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதை வேட்டையாடக் கிளம்பினால் போலீஸ் வரும்.

லெட்டர்பாக்சிங் என்பது, துப்பை வைத்து வெட்டவெளியில் மறைத்த பெட்டியைத் தேடிப்பிடித்து, அதிலுள்ள ரப்பர் ஸ்டாம்பை ஒற்றிக்கொள்ளும் பொழுதுபோக்கு. ஆங்கிலப் பெயருக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூரில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், 1854-இல் கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். (குளம் என்று பெயர்தான், தண்ணீர் கிடையாது.) அவ்வளவு தூரம் சதுப்பில் கால் புதைய நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டார்கள். அப்புறம் தங்களுக்கே முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுப்போகும் பழக்கம் வந்தது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். அந்தக் காலத்துக்கு அது அஞ்சல்பெட்டிதான். இப்போது அதில் யாரும் கடிதத்தைத் தேடுவதில்லை.

1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்த பிறகு அமெரிக்காவிலும் இது பரவியது. கனெக்டிகட்டில் மாநிலக் காடுகளின் நடைபாதைகளை ஒட்டி அரசே பெட்டிகள் வைத்திருக்கிறது. துப்பு இந்த மாதிரி இருக்கும்: ‘ஓடைப் பாலம் தாண்டி, இரட்டைத் தண்டு மரத்திலிருந்து வடகிழக்கே முப்பது தப்படி.’ திசைகாட்டியும் கையுமாக எண்ணிக்கொண்டே போனால், வேருக்கும் பாறைக்கும் நடுவே சருகு மூடிய ஒரு கல். அதைப் புரட்டினால் இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்பும், ஓரமெல்லாம் ஈரம் ஏறி உப்பிய சிறு நோட்டும் இருக்கும். ஸ்டாம்பு பல நேரம் அழிரப்பரில் கையால் செதுக்கியதாக இருக்கும். அதை உங்கள் நோட்டில் ஒற்றிக்கொள்ள வேண்டும், உங்கள் ஸ்டாம்பை அந்த நோட்டில் ஒற்ற வேண்டும். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்து, கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு நகர வேண்டும்.

பெட்டியிலிருந்து நமக்கென்று எதையும் எடுத்து வருவதில்லை. ஆகவே ‘புதையல் வேட்டை’யும் ஒத்துவராது. 2000 மே மாதம் தொடங்கிய ஜியோகேச்சிங்கோடும் இதைப் போட்டுக் குழப்பக்கூடாது. அங்கே ஜிபிஎஸ் எண்களை வைத்து இடத்தைப் பிடிப்பார்கள், சின்னச் சின்னப் பொருட்களை மாற்றிக்கொள்வார்கள். இங்கே உயிர்நாடி துப்பும் முத்திரையும்.

> அப்படியானால் ‘முத்திரைப்பெட்டி’?

நானும் அங்கேதான் போய் நின்றேன். ஆனால் இலங்கையில் முத்திரை என்றால் தபால்தலை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது தபால்தலை சேர்க்கும் டப்பாவாகத்தான் தெரியும். தமிழகத்தில் முத்திரைத்தாள், பத்திரப்பதிவு என்று வேறு பக்கம் இழுக்கும்.

என் பரிந்துரை: ‘ஒற்றுப்பெட்டி’. மையில் தோய்த்துப் பதிப்பதும் ஒற்றுதான், மறைந்திருந்து அறிவதும் ஒற்றுதான். இந்தப் பொழுதுபோக்கில் இரண்டுமே இருக்கின்றன. செயலுக்கு ஒற்றுப்பெட்டித் தேடல், ஆளுக்கு ஒற்றுப்பெட்டித் தேடுநர். ஒரு பெட்டியில் கண்டெடுத்து அடுத்த பெட்டியில் கொண்டுபோய் விடுகிற நடமாடும் முத்திரையும் உண்டு. அதற்கு ‘வழிப்போக்கன்’ போதும், புதுச்சொல் எதற்கு?

> ஒற்றி என்றால் எங்கள் பக்கம் அடமானம். வீட்டை ஒத்திக்கு விட்ட மாதிரி பெட்டியையும் விட்டுவிட்டார்களோ என்று கேட்பார்கள்!

கேட்கட்டும்! அதற்காகத்தான் ‘ஒற்றிப்பெட்டி’ என்று போடாமல் ‘ஒற்றுப்பெட்டி’ என்றேன். உகரம் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

> ‘ஒற்றுப்பெட்டி’யைக் கேட்டதும் உளவாளி வைத்துப்போன பெட்டி என்றுதான் தோன்றியது. பயண இதழில் வந்தால் விளக்கம் போட்டாக வேண்டும். ‘மறைபெட்டி’ என்றால் படித்த உடனே புரியுமே?

புரியும், மறுக்கவில்லை. ஆனால் அதை ஜியோகேச்சுக்கு விட்டுவைக்கலாம் என்று பார்க்கிறேன். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுவும் மறைத்த பெட்டிதானே? மறைபெட்டி பொதுச்சொல், ஒற்றுப்பெட்டி அதில் ஒரு வகை என்று பட்டியலில் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். முதல் தடவை வரும் இடத்தில் ‘முத்திரை வைத்த மறைபெட்டி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

துப்பு என்பதை ஆங்கிலக் ‘குளூ’வுக்கு நிகராக வைத்திருக்கிறேன். ‘தடயம்’ வேண்டாம், அது குற்றம் நடந்த இடத்துக்கு உரியது. இலங்கை நண்பர்கள் ‘ஒற்று’ அங்கே எப்படிக் கேட்கிறது என்று சொன்னால், இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.