காலேஜ் எலக்‌ஷன்ல நின்னவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தடாகம் ரோட்டுக்காரன்:
கோயமுத்தூர்ல ஒரு எய்டட் காலேஜ், செக்ரட்டரிக்கு நின்னேன். நாமினேஷன், கேன்வாஸிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. பிகாம் செகண்ட் இயர் கிளாஸ்ல "உங்க குரலா இருப்பேன்"னு பேசிட்டு வெளிய வர்றேன், ஆனைகட்டிப் பக்கத்துப் புள்ள ஒண்ணு வராண்டா வரைக்கும் பின்னாலயே வந்துச்சு. "அண்ணா, கடைசி பீரியட் முடிய 4 ஆகுதுங்க. 3.50 பஸ்ஸ விட்டா 5.40க்குத்தானுங்க. எறங்கி நடக்கறதுக்குள்ள இருட்டீரும், எங்கூர்ல ஆனை வருமுங்க. மணிய கொஞ்சம் முன்னால அடிக்கச் சொல்ல முடியுங்ளா?" நோட்டுல தாள் கிழிச்சு பஸ் டைமெல்லாம் எழுதியும் குடுத்துச்சு.

ஜெயிச்சேன். பிரின்சிபால் ரூம்ல முதல் மீட்டிங். காலேஜ் டேக்கு யாரைக் கூப்பிடறதுன்னே முக்கால் மணி நேரம் போச்சு. காபி வந்துச்சு. "வேற ஏதாச்சும் இருக்காப்பா?"ன்னார். பாக்கெட்ல அந்தத் தாள் கையில தட்டுப்படுது. "இல்லீங்க சார்"னுட்டேன். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அந்தப் புள்ள டிபன் பைய நெஞ்சோட அணைச்சுட்டு கேட்டுக்கு ஓடுது. பஸ் திரும்பீருச்சு. என்னைப் பாத்துச்சு. ஒண்ணும் கேக்கல.

மஞ்சக்காடு:
உங்களுக்காச்சும் ஓட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. எங்க காலேஜ்ல எலக்‌ஷனே கிடையாது. டிபார்ட்மெண்ட்ல மார்க் அதிகம் வாங்குனவனக் கூப்பிட்டு சேர்மன்னு பேட்ஜ் குத்துவாங்க. எனக்குக் குத்துனப்ப பின்னு தோள்ல ஏறீருச்சு. அப்படியே நின்னுட்டு, அவங்க டைப் பண்ணிக் குடுத்த உறுதிமொழியப் படிச்சேன். ஓட்டு வாங்கி ஜெயிச்சும் வாயத் தொறக்கலைன்னா, எனக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?

பெருந்துறை அண்ணன்:
தம்பி, அவர ஏன் திட்டறீங்க? நான் ரெண்டு தடவ நின்னு ரெண்டு தடவயும் தோத்தவன், என் கதை அவ்வளவுதான். இனிமேல் நிக்கறவங்களுக்குச் சொல்றேன். மாணவர் தேர்தல் எப்படி நடக்கணும்னு லிங்டோ கமிட்டி சொன்ன விதிகள உச்ச நீதிமன்றமே 2006ல நடைமுறைப்படுத்தச் சொல்லீருச்சு. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாது. அச்சடிச்ச போஸ்டர் ஆகாது, கையில எழுதுனதுதான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதமாவது வேணும். நிக்கற வருஷம் அரியர் இருக்கக்கூடாது. ரிசல்ட் வந்து ரெண்டு வாரத்துல கணக்குக் குடுக்கணும். ஜெயிச்சுட்டா மீட்டிங்ல வாயில பேசி ஒரு பிரயோஜனமும் இல்ல. லெட்டரா எழுதி, அந்த ரூட்ல வர்ற அத்தன பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி, ஆபீஸ்ல குடுத்து, நம்ம காப்பில சீல் போட்டு வாங்கோணும். பஸ் டைம மாத்தச் சொல்லி போக்குவரத்துக் கழக டிப்போக்கும் ஒரு காப்பி. மணி அடிக்கறத மாத்தறதவிட அதுதான் சுளுவு.

கோபி அம்மிணி:
அண்ணா, 5,000 எல்லாம் பேப்பர்லதானுங்க. எங்க காலேஜ்ல ஒரு குரூப்போட பிரியாணிக்கே அது பத்தாது.

நான் ஜாயின்ட் செக்ரட்டரிக்கு நாமினேஷன் போட்டேன். ஹாஸ்டல் தண்ணிப் பிரச்சனைக்காக. எங்கப்பாவுக்கு போன் போயிருச்சு, "உங்க புள்ள கிளாஸ் கிளாஸா ஓட்டுக் கேட்டுட்டு சுத்துதுங்க"ன்னு. மொபெட்ல பால் கேன் கொக்கி கூடக் கழட்டாம வந்துட்டார். எச்ஓடி எங்கிட்ட வெள்ளத்தாள நீட்டுனாங்க, வாபஸ் லெட்டர் எழுதச் சொல்லி. எங்கிட்ட பேனா இல்ல. சொசைட்டிக் கணக்கு எழுதற பேனாவ அப்பாதான் சட்டைப் பாக்கெட்ல இருந்து எடுத்துக் குடுத்தார். மூடியக் கழட்டி வேற குடுத்தார்.

வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. ராத்திரி அம்மாகிட்ட மட்டும் சொன்னாராம்: "நின்னிருந்தா ஜெயிச்சிருக்குமாட்ட இருக்குது."

பெருந்துறை அண்ணன்:
வாபஸ் தேதி முடிஞ்சு எழுதி வாங்கியிருந்தா அந்த லெட்டர் செல்லாதுங்களே அம்மிணி. தேதி பாத்தீங்களா?