லென்கோ எல்75: கழற்றிப் பூட்டிய பிறகு ‘டுப் டுப்’ சத்தம், கையில் ஒரு வாஷர் மிச்சம்

கேள்வி

அப்பாவின் லென்கோ எல்75 ரெக்கார்ட் பிளேயர் பல வருடங்களாகப் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கித் துடைத்து ஓட்டிப் பார்த்தேன். தட்டு சுற்றியது, ஆனால் அடியில் கரகரவென்று சத்தம். பழைய கிரீஸ் இறுகிப் பிசின் மாதிரி ஆகியிருந்ததால் நானே பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று இறங்கினேன். நாலு கிலோ இருக்கும் அந்தத் தட்டைத் தூக்கியதும் அடியில் நிமிர்ந்து நிற்கும் ரப்பர் சக்கரம், படுத்த வாக்கில் மோட்டார் அச்சு, எல்லாம் அவ்வளவு எளிமையாகத் தெரிந்தன. தைரியம் வந்துவிட்டது.

ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டே போனேன். ரப்பர் சக்கரத்தைக் கழற்றும்போது மட்டும் கையெல்லாம் கிரீஸ், போனைத் தொடவில்லை. இப்போது திரும்பப் பூட்டிய பிறகு மெல்லிய வாஷர் ஒன்று மிச்சம் நிற்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, உலோகம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கரகரப்பு போய்விட்டது. ஆனால் இப்போது ‘டுப்... டுப்...’ என்று சீராக ஒரு இடி கேட்கிறது. அது முன்பே இருந்ததா, கரகரப்பில் மறைந்திருந்ததா என்றும் சொல்லத் தெரியவில்லை. அதோடு ஊசியைத் தாங்கும் கையை, அதாவது டோன் ஆர்மைத் தொட்டால் மேலும் கீழுமாக ஆடுகிறது. அது உட்காரும் இடத்திலிருந்து கருப்பாகத் தூள் கொட்டுகிறது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடலாமா?

அப்பாவுக்குக் கேட்டுக் காட்ட வேண்டும் என்பதால் அவசரப்பட்டு எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

பதில் 1

பெல்ட் தளர்ந்திருக்கும். புது பெல்ட் போட்டுப் பாருங்கள்.

பதில் 2

எல்75-இல் பெல்ட்டே கிடையாது. மோட்டார் அச்சு ரப்பர் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் தட்டின் அடிப்பக்கத்தில் உருண்டு தட்டைச் சுழற்றும். அவ்வளவுதான்.

தம்பி, ஆர்மில் க்ளூ மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சத்தம்.

எதையும் மறுபடி கழற்றாதீர்கள். காதை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம். தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு 33-இல் ஓட விடுங்கள். அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கும். கோடு உங்கள் முன்னால் வரும்போதெல்லாம் ஒரே ஒரு ‘டுப்’ என்றால் கோளாறு தட்டிலோ நடு பேரிங்கிலோ இருக்கிறது. ஒரு சுற்றுக்குள் பல தடவை வந்தால் ரப்பர் சக்கரம். அப்புறம் 45-க்கு மாற்றிக் கேளுங்கள். மோட்டாரின் வேகம் இதில் மாறவே மாறாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த நாலு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500-க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அதாவது வினாடிக்குச் சுமார் 25 சுற்று. அதன் அச்சு கூம்பு வடிவம். ரப்பர் சக்கரம் தடித்த பக்கம் நகர்ந்தால் தட்டு வேகமாகும், மெலிந்த பக்கம் நகர்ந்தால் மெதுவாகும். ஆகவே 45-க்குப் போனதும் இடியும் வேகமெடுத்தால் மோட்டார்மேல் பழியில்லை. மாறாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரே மாதிரி உறுமினால் மோட்டாரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஏதாவது ஒயர் அதன் உடம்பில் முட்டிக்கொண்டு அதிர்வைக் கடத்தும்.

என் ஊகம் ரப்பர் சக்கரம்தான். ஒன்று கேட்கிறேன்: அப்பா பாட்டை எப்படி நிறுத்துவார்? லீவரைத் தள்ளியா, சுவரில் இருக்கும் சுவிட்சையா? லீவரை ஆஃபில் வைத்தால்தான் சக்கரம் விலகி நிற்கும். ஆனில் விட்டுவிட்டு சுவரில் அணைத்தால் ரப்பர் அழுந்தியபடியே வருடக்கணக்கில் கிடக்கும். அந்த இடத்தில் குழி விழுந்துவிடும்.

உங்கள் வாஷர் அநேகமாக அந்தச் சக்கரத்தின் அச்சில் இருந்ததுதான். கிளிப்பை எடுத்ததும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அது இல்லாவிட்டால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும், உலோகத்தோடு உலோகம் உரசும். திரும்பப் போட்ட பிறகு விரலால் சுண்டிப் பாருங்கள்: சுதந்திரமாகச் சுற்ற வேண்டும், ஆனால் அச்சில் முன்னும் பின்னும் நகரக் கூடாது. எண்ணெய் அச்சுக்கு ஒரே ஒரு துளி. ரப்பரில் பட்டால் வழுக்கும், வேகம் நிலைக்காது. ரப்பர், கூம்பு அச்சு, தட்டின் அடியில் சக்கரம் ஓடும் பாதை, மூன்றையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

இனி ஆர்ம். இந்த ஆர்ம் சாதாரண பேரிங்கில் ஆடுவதில்லை. கத்தி முனை மாதிரியான இரண்டு விளிம்புகள், ‘வி’ வடிவில் வெட்டிய இரண்டு சின்னக் கட்டைகளில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைகள்தான் வயதாகிப் பொடிந்து உங்கள் கையில் கொட்டுகின்றன. இந்த மாடலில் அப்படிப் பொடியாத பழைய ஆர்மை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மாற்றுக் கட்டைகளைப் பித்தளையிலும் கெட்டியான பிளாஸ்டிக்கிலும் செய்து விற்கிறார்கள். க்ளூ போட்டால் முனை அசையாமல் இறுகிவிடும், ஊசி பள்ளத்தைத் தொடர முடியாமல் இசைத்தட்டைக் கிழிக்கும். ஆர்மைத் தூக்கும்போது உள்ளே போகும் ஒயர்களை மறந்துவிடாதீர்கள். முடி மாதிரி இருக்கும், ஒரு இழுப்பில் அறுந்துவிடும். அந்த முனைகளுக்கு எண்ணெயும் வேண்டாம்.

சுவிட்சின் குறுக்கே ஒரு பழைய கெபாசிட்டர் இருக்கும். அதில் விரிசல் தெரிந்தால் பேசாமல் எக்ஸ்2 என்ற பாதுகாப்பு வகையில் புதியதை மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதெல்லாம்.

கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே எண்ணினேன். கோடு ஒருமுறை வருவதற்குள் பல இடி. 45-க்கு மாற்றியதும் இடியும் வேகமானது. சக்கரத்தைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஓரிடத்தில் நகத்தால் அழுத்தினாற்போல ஒரு பள்ளம்.

அப்பாவிடம் கேட்டேன். பாட்டு கேட்டபடியே தூங்கிவிடுவாராம், அம்மாதான் வந்து சுவரில் சுவிட்சை அணைப்பாராம். லீவர் எப்போதும் ஆனில்தான்.

வாஷரும் அந்த அச்சில் சரியாக உட்கார்ந்தது. பள்ளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில் 3

அவசரப்பட வேண்டாம். நான் கையில் பிடித்தபடி உப்புத்தாளால் தேய்த்து ஒரு நல்ல சக்கரத்தை நீள்வட்டமாக்கியிருக்கிறேன். முன்பு சுற்றுக்கு ஒரு இடி, பிறகு முழுச் சுற்றும் இடி. அந்தச் சக்கரத்துக்கு மாற்று கிடைக்க எனக்கு வெகுநாள் ஆனது. பள்ளம் ஆழமில்லை என்றால் முதலில் ஊசி வைக்காமல் சில மணி நேரம் சும்மா ஓட விடுங்கள். சூடாகி, உருண்டு உருண்டு ரப்பர் ஓரளவு பழைய வடிவத்துக்கு வரும்.

பதில் 2

இவர் சொல்வது சரி, முதலில் ஓட விடுங்கள். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் சக்கரம் அதன் அச்சிலேயே சீராகச் சுற்றும்போது மிக மெல்லிய தாளைத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, புது ரப்பர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இடி அடங்கிய பிறகு வேகத்தைச் சரிபாருங்கள். எல்இடி விளக்கில் ஸ்ட்ரோப் தாள் (வேகம் பார்க்கக் கோடுகள் அச்சிட்ட தாள்) பல சமயம் சரியாகத் தெரியாது. சாக்பீஸ் கோடே போதும்: 100 சுற்றுக்குச் சரியாக 180 வினாடி.

கேட்டவர்

இரண்டு மாலை ஓட விட்டேன், மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கும். இடி முழுக்கப் போகவில்லை, ஆனால் தட்டின் பக்கத்தில் காதை வைத்தால்தான் இப்போது கேட்கிறது. நூறு சுற்று எண்ண அப்பாவை உட்கார வைத்தேன், நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். முதல் தடவை 177 வினாடி. 33 நிற்கும் இடத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அச்சின் மெலிந்த பக்கமாக ஒரு மயிரிழை நகர்த்தினேன். இரண்டு முயற்சிக்குப் பிறகு 180. கெபாசிட்டரில் விரிசல் இருந்தது, மாற்றிவிட்டேன்.

ஆர்மைத் தொடவில்லை. பித்தளைக் கட்டைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் ஊசி வைத்து மறுபடி வேகம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். லீவரை நானே ஆஃபில் தள்ளிவிட்டு வந்தேன்.